வர்க்கம் மறப்பதும் காப்பதும்

நெடுந்தீவில் பல காணிகளின் எல்லை முருகைக்கல் வேலிதான். சாந்து பூசாமல், கல்லுக்குமேல் கல் பொருந்த அடுக்கிய வேலி. அப்படி வேலி அடைக்கும் ஒருவரிடம் 80 மீற்றர் நீளத்துக்கு மட்டும் கல் இருக்கிறது, காணியைச் செவ்வகமாக அடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20க்கு 20 என்று அடைத்தால் உள்ளே வருவது 400 சதுர மீற்றர். 25க்கு 15 என்றால் 375. 30க்கு 10 என்றால் 300. 35க்கு 5 என்றால் 175. வேலியின் நீளம் மாறவில்லை, நிலம் மட்டும் குறைகிறது. குறைந்த அளவுகளைப் பாருங்கள்: 25, 100, 225. பக்கம் 5 மீற்றர் விலகியபோது 5இன் வர்க்கம் போயிற்று. 10 விலகியபோது 10இன் வர்க்கம். 15 விலகியபோது 15இன் வர்க்கம்.

ஒரு பக்கத்தைக் கூட்டினாலும் சரி, அதையே குறைத்தாலும் சரி, இழப்பு ஒன்றுதான். எந்தத் திசையில் விலகினோம் என்பதை வர்க்கம் பதிந்துவைப்பதில்லை, எவ்வளவு விலகினோம் என்பதை மட்டும் காக்கிறது. மறை 5இன் வர்க்கமும் நேர் 5இன் வர்க்கமும் 25. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் சங்கதிதான் கேத்திரகணிதத்திலும் நிகழ்தகவிலும் அட்சரகணிதத்திலும் பௌதிகத்திலும் வர்க்கம் திரும்பத் திரும்ப வந்து நிற்பதற்கு முதற்காரணம் என்பது என் எண்ணம். குறி மறக்கப்படுவதால் சில துறைகள் பிறக்கின்றன; மறந்த குறியைத் தேடிப் போவதால் வேறு சில பிறக்கின்றன.

வேலிக் கணக்கையே இன்னும் கொஞ்சம் தோண்டலாம். சதுரத்திலிருந்து அரை மீற்றர் மட்டும் விலகினால் இழப்பு கால் சதுர மீற்றர்; கண்ணுக்கே தெரியாது. பெரிதாக விலகும்போதுதான் அடி பலமாக விழுகிறது. உச்சத்தின் அருகே எந்தச் சார்பும் இப்படித்தான் நடந்துகொள்ளும். உச்சப் புள்ளியில் சாய்வு பூச்சியம், ஆகவே விலகலுக்கு நேர்விகிதமான மாற்றம் அங்கே இல்லை. முதலில் தலைகாட்டுவது விலகலின் வர்க்கம். மலையுச்சியும் பள்ளத்தின் அடியும் இரண்டு மலைகளுக்கு இடைப்பட்ட கணவாயும் போதிய அளவு கிட்டப் போய்ப் பார்த்தால் வர்க்கங்களைக் கூட்டியும் கழித்தும் எழுதிய ஒரு கோவைதான் என்று 20ஆம் நூற்றாண்டில் மார்ஸ்டன் மோர்ஸ் காட்டினார். சில சீரழிந்த புள்ளிகள் மட்டுமே இதற்கு விலக்கு. அந்தக் கோவையில் எத்தனை கூட்டல், எத்தனை கழித்தல் என்ற எண்ணிக்கை, நாம் எந்த ஆயத்தில் எழுதினாலும் மாறாது. இது 1852இல் சில்வெஸ்டர் தந்த விதி. வர்க்கத்துக்குள்ளே குறி மறைந்துபோனாலும் வர்க்கத்துக்கு வெளியே நிற்கும் குறி மறைவதில்லை. இடத்தின் மூன்று வர்க்கங்களைக் கூட்டி, காலத்தின் வர்க்கத்தைக் கழித்தால் ஐன்ஸ்டைனின் வெளி கிடைக்கிறது. அந்த ஒரேயொரு கழித்தற்குறியில்தான் நேற்றும் நாளையும் வேறாக இருக்கின்றன.

கடலில் போவோருக்கு வர்க்கம் வேறொரு முகத்தோடு வரும். பூமி உருண்டை என்பதால், கண் மட்டம் கடலிலிருந்து உயர உயரத்தான் தொடுவானம் விலகும். வட்டத்துக்கு வெளியேயுள்ள ஒரு புள்ளியிலிருந்து வரையும் தொடலியின் வர்க்கம், அப்புள்ளி வழியாகச் செல்லும் வெட்டியின் இரு துண்டுகளின் பெருக்கத்துக்குச் சமன். யூக்கிளிட்டின் மூன்றாம் புத்தகத்தில் உள்ள தேற்றம் இது. பூமியின் ஆரையாக 6371 கிலோமீற்றரை இட்டுக் கணித்தால், மீற்றரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்க, தொடுவானம் கிலோமீற்றரில் வரும். வள்ளத்தில் கண் மட்டம் ஒன்றரை மீற்றர் என்றால் தொடுவானம் 4.4 கிலோமீற்றர். 20 மீற்றர்ப் பனையின் வட்டுக்கு அது 16 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 20 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே வட்டு தெரியத் தொடங்கலாம். 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு தாழ்ந்த தீவைப் பார்க்கும்போது அதன் அடி இரண்டரை மீற்றர் அளவுக்குக் கடலுக்குள் மறைந்திருக்கும். காற்று ஒளியைச் சற்றே வளைப்பதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. மரம் முன்னே தெரிந்து கரை பின்னே தெரிவதற்குக் காரணம் இந்த வர்க்கமூலம். வெளிச்சவீடு கட்டுவோருக்கு இதில் ஒரு கசப்பான செய்தி இருக்கிறது: ஒளி இருமடங்கு தூரம் எட்டவேண்டுமானால் கோபுரத்தை நான்கு மடங்கு உயர்த்தவேண்டும். ஒளியின் செறிவும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால் விளக்கையும் நான்கு மடங்கு பிரகாசமாக்கவேண்டும்.

காணிக்கே திரும்புவோம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் பரப்புக் கணக்கில் எழுதப்படுகின்றன. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஏக்கர் என்பது 160 பேர்ச், ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு பேர்ச் 16½ அடிப் பக்கமுள்ள சதுரம்; அந்தப் பக்கத்தின் நீளமும் பேர்ச்தான். சரி, ஒரு பரப்பைச் செம்மையான சதுரமாக அளந்து தரும்படி நில அளவையாளரிடம் கேட்டால் அவர் எந்த நீளத்தைப் பிடிப்பார்? 16½ அடியை 10இன் வர்க்கமூலத்தால் பெருக்கவேண்டும்: ஏறக்குறைய 52.18 அடி. அந்தத் தசமம் முடிவதில்லை, ஒரே கோலத்தில் திரும்பியும் வருவதில்லை. 10இன் வர்க்கமூலம் ஒரு பின்னமாக இருக்குமானால், மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்தைப்போல் பத்து மடங்காகும். எந்த வர்க்கத்திலும் 2 என்ற காரணி இரட்டை முறைதான் வரும். 10ஆல் பெருக்கியதும் ஒன்று கூடி ஒற்றை முறையாகிவிடும். ஒரே எண்ணில் ஒரு காரணி இரட்டை முறையும் ஒற்றை முறையும் வர வழியில்லை. ஆகவே பேர்ச் அளவில் எவ்வளவு நுண்ணிய கோல் பிடித்தாலும் சதுரப் பரப்பின் பக்கம் பிடிபடாது. 5 பேர்ச்சுக்கு 2 பேர்ச் என்று செவ்வகமாக அளந்தால் சிக்கலே இல்லை. இந்த இக்கட்டு ஆங்கிலேயரின் அளவைச் சங்கிலியோடு வந்தது. 1620 அளவில் எட்மண்ட் குன்ரர் வகுத்த அந்தச் சங்கிலி 66 அடி, அதாவது 4 பேர்ச் நீளம். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆகும்படி அவர் அமைத்தார். பத்தால் பெருக்க வகுக்கச் சுகம். ஆனால் பத்து ஒரு வர்க்க எண் அல்ல.

வர்க்கத்தை மனத்தில் ஏற்றும் பழக்கம் தமிழில் பழையது. எண்சுவடியில் குழிமாற்று என்று ஒரு பகுதியே உண்டு. எண்களை அவற்றாலேயே பெருக்கிவரும் விடைகளைப் பிள்ளைகள் அதிலிருந்து பாடமாக்கினார்கள். நிலத்தை அளப்பதற்கும் குழிக் கணக்கு, வாய்பாட்டுக்கும் குழிக் கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் அட்சரகணிதம் அச்சேறியபோது அதற்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் நூல் கிடைத்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை எழுதிய வீசகணிதம் 1855இல் மானிப்பாயில் வெளியானது. அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வந்தவர்கள் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளையைப் பழந்தமிழ் நூல்களின் பதிப்பாசிரியராக எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். தமிழில் அட்சரகணிதம் எழுதியவரையும் அதே அளவுக்கு நினைத்திருக்கவேண்டும்.

சதுரத்தின் மூலைவிட்டத்தின்மேல் வரையும் சதுரம் இருமடங்கு பெரிது என்பதைச் சுல்ப சூத்திரங்கள் கயிற்றால் சொல்கின்றன. செங்கோண முக்கோணத்தின் செம்பக்கத்தைப் பற்றிய பைதகரஸ் தேற்றம் அதன் விரிவு. இதே தேற்றம் புள்ளிவிபரவியலுக்குள் புகுந்தது எப்படி என்று பலர் யோசிப்பதில்லை. ஒரு நீளத்தைப் பலமுறை அளந்தால் விடைகள் சிறிது சிறிது மாறும். எந்த எண்ணை ஏற்பது? 1805இல் லெஜாந்தர் சொன்ன வழி: ஒவ்வொரு அளவும் அந்த எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறையும் எண்ணைத் தேர்ந்தெடு. தேர்ந்தால் வருவது நமக்குப் பழகிய சராசரி. 1809இல் கௌஸ் இதே முறையை வெளியிட்டு, தாம் 1795இலிருந்தே இதைப் பயன்படுத்திவருவதாகவும் எழுதினார். இருவருக்குமிடையே மனக்கசப்பு நீடித்தது.

ஏன் வர்க்கம்? விலகலின் குறியை நீக்கிவிட்டு வெறும் அளவைக் கூட்டினால் ஆகாதா? ஆகும், அப்போது சராசரிக்குப் பதில் நடுவில் நிற்கும் எண், அதாவது இடையம் கிடைக்கும். ஆனால் வர்க்கத்துக்கு மட்டும் ஒரு சிறப்பு உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு வழுக்கள் சேரும்போது அவற்றின் மாறற்றிறன்கள், அதாவது நியம விலகல்களின் வர்க்கங்கள், அப்படியே கூடும். ஒரு கருவியின் நியம விலகல் 3 சென்ரிமீற்றர், மற்றதன் நியம விலகல் 4 சென்ரிமீற்றர் என்றால் சேர்ந்த வழுவின் நியம விலகல் 7 அல்ல, 5. மூன்று, நான்கு, ஐந்து: பைதகரஸின் அதே முக்கோணம். சாராமை என்பது நிகழ்தகவின் செங்கோணம். நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் வழு நூறில் ஒன்றாகாமல் பத்தில் ஒன்றாகவே குறைவதும் இதனால்தான். இயல்பு வழுக்களின் மணி வடிவ வளைகோட்டிலும் அடுக்கில் அமர்ந்திருப்பது ஒரு வர்க்கம்.

ஆயினும் இம்முறையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது. வர்க்கம் பெரிய விலகலுக்குப் பெரிய குரல் கொடுத்துவிடுகிறது. ஒரேயோர் அளவில் 10 அலகு பிழை நேர்ந்தால், அதன் எடை ஒவ்வோர் அலகாகப் பிழைத்த 99 அளவுகளின் எடையை மிஞ்சும். பதிவேட்டில் ஒருவர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் சராசரி முழுவதும் அந்தத் தவறின் பின்னால் இழுபடும். மீன்பிடி, மழை, வருமானம் போன்ற தரவுகளில் சராசரியை மட்டும் சொல்லி இடையத்தை விட்டுவிடும் அறிக்கைகள் மக்களுக்கு நியாயம் செய்வதில்லை.

சதுரம் ஒரு கட்டமாக, ஒரு பலகையாக வரும் இடங்களும் உண்டு. லத்தீன் சதுரம் வயல் ஆய்வுகளுக்குப் பயன்படுகிறது: ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொரு பசளையும் ஒருமுறை மட்டும் வரும்படி பாத்தி பிரித்தால் மண்ணின் ஏற்றத்தாழ்வு விடையைக் கெடுக்காது. அப்படிப்பட்ட இரு சதுரங்களை, எந்தச் சோடியும் இரண்டாம் முறை வராதபடி ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது 6, 10, 14 போன்ற அளவுகளில் முடியாது என்று 1782இல் ஒய்லர் கருதினார். 6க்கு அவர் சொன்னது சரி. 10 முதலான மற்றவை எல்லாவற்றிலும் முடியும் என்று 1959இல் இந்தியரான போஸ், சிறீகண்டே இருவரும் அமெரிக்கரான பார்க்கரும் காட்டினார்கள். இது அழகான கதை. ஆனால் இங்கே சதுரத்துக்கு நிரையும் நிரலும் சமனாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பெருக்கலின் குணம் இதில் பேசவில்லை.

மெய்யெண்ணின் வர்க்கம் ஒருநாளும் மறையாகாது. இந்த ஒரு வரியிலிருந்து எத்தனை சமனிலிகள் கிளைத்தன என்று எண்ணி முடியாது. திரும்பியும் கேட்கலாம்: ஒருநாளும் மறையாகாத பல்லுறுப்பி எதுவாயினும் அதை வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? ஒரு மாறி மட்டும் இருந்தால் முடியும். பல மாறிகள் இருந்தால் எப்போதும் முடியும் என்றில்லை என்று 1888இல் ஹில்பேட் காட்டினார்; கண்முன் வைக்கக்கூடிய எளிய எடுத்துக்காட்டு 1967இல்தான் மொட்ஸ்கினிடமிருந்து வந்தது. பல்லுறுப்பிகளின் பின்னங்களையும் வர்க்கமாக்க அனுமதித்தாலோ எப்போதும் முடியும். 1900இல் ஹில்பேட் முன்வைத்த 23 வினாக்களில் இது பதினேழாவது. 1927இல் எமில் ஆட்டின் விடை தந்தார். ஒன்று மறையாகாது என்பதற்கு வர்க்கங்களே சாட்சி. இன்று கணினியில் உத்தமப் பெறுமானம் தேடுவோர் இதே சாட்சியைத் தேடித்தான் நிரல் எழுதுகிறார்கள்.

இதுவரை எண்ணின் வர்க்கம் பேசினோம். ஒரு செயலை இருமுறை செய்வதும் வர்க்கந்தான், அங்கே காட்சி மாறுகிறது. நெடுந்தீவின் மரங்களில் பனைகளைத் தெரிந்தெடுங்கள். தெரிந்தவற்றில் மீண்டும் பனைகளைத் தெரிந்தெடுங்கள். இரண்டாம் முறை எதுவும் மாறாது. வர்க்கம் தனக்கே சமன் என்ற இந்த விதியை வைத்து 1854இல் ஜோர்ஜ் பூல் தருக்கத்தை அட்சரகணிதமாக்கினார். எண்களில் அந்த விதிக்கு இணங்குபவை பூச்சியமும் ஒன்றும் மட்டுமே, கணினிக்குத் தெரிந்த இரு இலக்கங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மறுபடி கண்ணாடியில் பார்த்தால் பழைய உருவம்: வர்க்கம் 1. கால் சுற்றுத் திரும்பி, இன்னொரு கால் சுற்றும் திரும்பினால் முகம் எதிர்த்திசையில்: வர்க்கம் மறை 1. சிக்கலெண் என்று பிள்ளைகள் அஞ்சும் பொருளின் உள்ளே இருப்பது இந்தத் திரும்பல்தான்.

வர்க்கம் பூச்சியமாகும் செயலொன்றும் உண்டு. அதற்குத் தீவகத்தைவிட நல்ல இடம் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து கரையோரமாக நடந்துகொண்டே போனால், வேலணை, அல்லைப்பிட்டி என்று தீவைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். நிலத்துக்கு எல்லை கரை. கரைக்கு எல்லை? இல்லை, கரைக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. கரையின் ஒரு துண்டை மட்டும் எடுத்தால் அதற்கு இரண்டு முனைகள் உண்டு, ஒன்றை நேராகவும் மற்றதை மறையாகவும் குறிக்கலாம். துண்டுகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு வர, ஒன்றின் நேர்முனையும் அடுத்ததன் மறைமுனையும் அழிந்து, தீவு சுற்றி முடிந்ததும் எதுவும் மிஞ்சாது. எல்லை காணும் செயலை இருமுறை செய்தால் பூச்சியம். இடத்தியலின் பெரும்பகுதி இந்தச் சமன்பாட்டின்மேல் நிற்கிறது. நடுவே குளமோ களப்போ இருந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதிலிருந்துதான் துளைகளை எண்ணும் கலை பிறந்தது. இங்கே குறி மறக்கப்படவே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கடைசிவரை காக்கப்பட்ட குறிதான் முனைகளை அழிக்கிறது.

மறந்த குறியை மீட்டெடுத்த பெருங்கதை 1928இல் நடந்தது. சார்புக் கொள்கைப்படி, ஒளிவேகத்தை ஓர் அலகாகக் கொண்டால், சக்தியின் வர்க்கம் உந்தத்தின் வர்க்கமும் திணிவின் வர்க்கமும் சேர்ந்தது. போல் டிராக் அதற்கு வர்க்கமூலம் தேடினார், வேர்க்குறி இல்லாமல், உந்தமும் திணிவும் முதலாம் அடுக்கில் மட்டும் வரும் ஒரு மூலத்தை. சாதாரண எண்களால் முடியாது: இரண்டு உறுப்பைக் கூட்டி வர்க்கமாக்கினால் நடுவில் ஒரு பெருக்கம் வந்துவிடும். அந்தப் பெருக்கம் அழியவேண்டுமானால் குணகங்களை முன்பின்னாக மாற்றிப் பெருக்கும்போது குறி மாறவேண்டும், ஒவ்வொன்றின் வர்க்கமும் 1 ஆகவேண்டும். நான்கு நிரை நான்கு நிரல் கொண்ட தாயங்களில் அத்தகைய குணகங்கள் கிடைத்தன. இலத்திரனின் சுழற்சி அவற்றிலிருந்து தானாக வந்தது. கூடவே மறைச் சக்தியுள்ள தீர்வுகளும் வந்தன, 25க்கு மறை 5உம் ஒரு மூலமாக வருவதுபோலவே. அவற்றைத் தள்ளிவிடாமல் டிராக் பொருள் தேடினார். 1932இல் அண்டர்சன் பொசித்திரனைக் கண்டார்.

அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இருந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் மெல்பேணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியர். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறான விசையால் இழுக்கப்பட்டு, ஓர் இலத்திரன் புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விரைகிறது. முடுக்கப்படும் இலத்திரன் கதிர்வீசும், அந்தக் கதிர்வீச்சு இலத்திரனையே திருப்பித் தாக்கும். இந்தத் தாக்கத்துக்கு டிராக் எழுதிய சமன்பாட்டைக் கொண்டு கணித்தால் இலத்திரன் புரோத்தனை அடைவதே இல்லை, திரும்பி ஓடிவிடுகிறது என்று எலியேசர் 1943இல் காட்டினார். கவரும் விசை, ஆயினும் விழுவதில்லை. சமன்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று பலரை யோசிக்கவைத்த முடிவு அது.

எண்கணிதத்தில் வர்க்கங்களுக்கு முதற் குணம் அருமை. 100 வரை பத்து வர்க்கங்கள், 10,000 வரை நூறு, ஒரு கோடி வரை 3162 மட்டும். போகப்போக இடைவெளி அகல்கிறது. ஒரு முதன்மையெண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் நிலைமை வேறு. 7ஆல் வகுக்கையில் வர்க்கங்கள் தரும் மீதிகள், பூச்சியம் நீங்கலாக, 1, 2, 4 மட்டும், ஆறில் மூன்று. எண்ணும் அதன் மறையும் ஒரே வர்க்கத்தில் போய்ச் சேருவதால் சரியாகப் பாதி விடுபடுகிறது. எந்தப் பாதி என்பதில் இரண்டு முதன்மையெண்களுக்கிடையே ஒரு பரிமாற்றம் நடக்கிறது. 1796இல் 18 வயதில் அதை நிறுவிய கௌஸ், பின்னர் மேலும் ஏழு நிரூபணங்கள் தேடினார். இரண்டு பெரிய முதன்மையெண்களின் பெருக்கத்தால் வகுக்கும்போது ஒரு வர்க்கத்துக்கு நான்கு மூலங்கள் வரும். 15ஆல் வகுத்து மீதி 1 தருபவை 1, 4, 11, 14 ஆகியவற்றின் வர்க்கங்கள். அந்த மூலங்களைக் கண்டுபிடிப்பதும் பெருக்கத்தை உடைத்துக் காரணிகளைக் காண்பதும் ஒரே கடினம் என்று 1979இல் ராபின் காட்டி, அதையே மறைமொழிக்குப் பூட்டாக்கினார்.

அருமையான இவ்வெண்கள் சேர்ந்தால் போதாமை தீர்ந்துவிடுகிறது. நான்கு வர்க்கங்களைக் கூட்டி எந்த எண்ணையும் பெறலாம். 1770இல் லக்ராஞ்சு நிறுவியது. எத்தனை வழிகளில் என்பதற்கு யக்கோபி 1834இல் விடை சொன்னார். எண்ணின் காரணிகளில் நான்கால் வகுபடாதவற்றைக் கூட்டி எட்டால் பெருக்கவேண்டும். 7க்குக் காரணிகள் 1, 7, கூட்டினால் 8, விடை 64. சரிபார்க்கலாம்: 7 என்பது 4, 1, 1, 1. நான்கு எங்கே நிற்கிறது என்பதற்கு நான்கு வழி, ஒவ்வொரு மூலமும் நேரா மறையா என்பதற்குப் பதினாறு வழி. வர்க்கம் மறந்த குறிகளையெல்லாம் யக்கோபி எண்ணில் சேர்த்துக்கொண்டதால்தான் சூத்திரம் இத்தனை சுத்தமாக வந்தது. இதற்குப் பயன்பட்டது அடுக்குகளில் வர்க்கங்களை மட்டும் கொண்ட ஒரு தொடர். புள்ளிவிபரவியலின் மணி வளைகோட்டை முழுவெண்கள்தோறும் எடுத்துக் கூட்டினாலும் அதே தொடர்தான் கிடைக்கும்.

இராமானுஜன் இந்த நிலத்தில்தான் நெடுநாள் உழுதார். 1917இல் அவர் கேட்டது: நான்கு வர்க்கங்களையும் அப்படியே கூட்டாமல், வெவ்வேறு முழுவெண்களால் பெருக்கிக் கூட்டினால் எந்தெந்தப் பெருக்கிகளுக்கு எல்லா எண்களும் கிடைக்கும்? 55 விடைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் 1, 2, 5, 5 என்ற ஒன்று மட்டும் பொய்த்தது. அது 15 என்ற ஒரேயோர் எண்ணைத் தவறவிடுகிறது. அந்த 15 பின்னர் பெரும் புகழ் பெற்றது. முழுவெண் தாயத்திலிருந்து வரும் இத்தகைய நேர்க்கோவை எதுவானாலும் 1 முதல் 15 வரை தந்துவிட்டால் எல்லா எண்களையும் தந்துவிடும் என்று 1993இல் கொன்வேயும் ஷ்னீபேகரும் நிறுவினர். மஞ்சுல் பார்கவா அதற்கு எளிய நிரூபணம் தந்ததோடு, ஹங்கேயுடன் சேர்ந்து இன்னும் பொதுவான கோவைகளுக்கு 290 என்ற எல்லையையும் கண்டார்.

மூன்று வர்க்கங்களோடு நின்றால் நிலம் கரடாகிறது. அ² + ஆ² + 10இ² என்ற கோவை எந்த ஒற்றையெண்களைத் தவறவிடுகிறது? 3, 7, 21, 31, 33 என்று போகும் எண்களில் எளிய ஒழுங்கு எதுவும் தெரியவில்லை என்று இராமானுஜன் எழுதினார். இன்று தெரிந்த பட்டியலில் 18 எண்கள், கடைசி 2719. இதற்கு மேல் இல்லை என்று 1997இல் கென் ஓனோவும் சென்னையில் வளர்ந்த கண்ணன் சௌந்தரராஜனும் காட்டினர், ஆனால் பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மை என்ற நிபந்தனையோடு. 1913இல் இராமானுஜன் விட்ட இன்னொரு வினா முழுதாகத் தீர்ந்தது: 2இன் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும்? 8, 16, 32, 128, 32768 ஆகிய ஐந்துக்கு மட்டும் என்று 1948இல் நோர்வேக்காரர் நாகெல் நிறுவினார். கடைசியில் வருவது 181இன் வர்க்கம்.

வர்க்கத்துக்கு நான்கு போதுமென்றால் கனத்துக்கு ஒன்பது, ஆறாம் அடுக்குக்கு 73. இந்த 73 குற்றாலத்துக்கு அருகே பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எஸ். எஸ். பிள்ளை கண்டது. நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பதை நிறுவ 1986 ஆயிற்று; அதைச் செய்த மூவரில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளை 1950 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்தார்.

வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் முதன்மையெண்களைப் பற்றி இன்னும் ஒரு வினா நிற்கிறது. 2, 5, 17, 37, 101, 197, 257, 401 என்று அவை வந்துகொண்டேயிருக்கின்றன. முடிவின்றி வருமா? 1912இல் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் லண்டவ் இதைத் தீராத நான்கு வினாக்களில் ஒன்றாக எடுத்துவைத்தார். 1978இல் இவானியெட்ஸ், வர்க்கத்தைவிட ஒன்று கூடிய எண்களில் முடிவிலியளவானவை அதிகம் போனால் இரண்டு முதன்மைக் காரணிகளைக் கொண்டவை என்று நிறுவினார். இரண்டை ஒன்றாக்கும் நிரூபணம் எவரிடமும் இல்லை.